மாவுக்கட்டா, பிளேட்டா? ஒரே வீட்டில் உடைந்த இரண்டு கரண்டைக்கால்கள்

மார்கழி மாதம், விடியற்காலை ஐந்தேகால் மணி. மதுரை ஆனையூரில் எங்கள் வீட்டு வாசலைத் தெளித்துவிட்டுக் கோலப்பொடி டப்பாவை எடுக்கத் திரும்பினேன். கடைசிப் படியில் ஈரம். வலது பாதம் மடங்கி, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். முருங்கைக் கிளை ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர் ஓடிவந்து பார்த்துவிட்டு, "சுளுக்குத்தான், ஐயோடெக்ஸ் தேய்ச்சா சரியாயிரும்" என்றார். எழுந்து நிற்கப் பார்த்தேன். முடியவில்லை. பாதம் முழங்காலுக்கு நேராக இல்லாமல், தெருப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

அது நடந்து நாலு வருஷம் ஆகிறது. போன வருஷம் உசிலம்பட்டிப் பக்கம் ஊரில் இருக்கிற அத்தை, அதாவது வீட்டுக்காரரின் அம்மா, வரப்பில் சறுக்கி விழுந்து கரண்டைக்காலை உடைத்துக்கொண்டார். வயது 70. சர்க்கரை உண்டு. எனக்கு ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். அத்தைக்குக் கத்தியே படவில்லை. இப்போது இரண்டு பேரும் நடக்கிறோம். அதனாலேயே சொந்தத்தில் யாருக்காவது கால் உடைந்தால் போன் எனக்குத்தான் வருகிறது. "எது நல்லது, கட்டா, பிளேட்டா?"

நான் டாக்டர் இல்லை. பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுக்கிறவள். இரண்டு கால்களோடும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்ததிலும், அலைந்த நேரத்தில் படித்ததிலும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். அந்தக் கேள்வியே தப்பு என்பதுதான் எனக்குப் புரிந்த முதல் விஷயம். முதலில் கேட்க வேண்டியது "மூட்டு இடத்தில் நிற்கிறதா?" என்பது.

சுளுக்கா, முறிவா

நம்ம ஊரில் சுளுக்கு எடுக்கிறவர் இல்லாத தெரு குறைவு. வெறும் தசைப்பிடிப்பு என்றால் அவர் கையால் இதமாக இருக்கலாம். உடைந்த காலை அவரிடம் நீட்டினால் உள்ளே எலும்பு முனை நரம்பையும் தோலையும் குத்தும். ஆகவே யாரையும் உருவ விடுவதற்கு முன்னால் இரண்டு விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். கனடாவின் ஒட்டாவா நகரத்து மருத்துவர்கள் 1992-ல் சொன்ன விதி இது, இன்றும் அவசரப் பிரிவுகளில் புழங்குகிறது. வலி கரண்டைப் பக்கம் இருக்கிறது. உள்கரண்டை, வெளிக்கரண்டை இரண்டில் ஏதாவது ஒன்றின் பின்விளிம்பிலோ நுனியிலோ எலும்பைத் தொட்டு அழுத்தினால் உயிர் போகிறது என்றால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அல்லது விழுந்த உடனேயும் சரி, ஆஸ்பத்திரியில் வைத்தும் சரி, நாலு எட்டு எடுத்து வைக்க முடியவில்லை என்றாலும் எடுக்க வேண்டும். நொண்டி நொண்டி வைத்தாலும் நாலு எட்டு நாலு எட்டுதான். என்னால் அரை எட்டு வைக்க முடியவில்லை.

இன்னொன்று. கொலுசையும் மெட்டியையும் அப்போதே கழற்றிவிடுங்கள். நான் கழற்றவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் விரல்கள் பனங்கிழங்கு மாதிரி வீங்கி, கல்யாணத்தன்று போட்ட மெட்டியைக் கட்டர் வைத்து வெட்டித்தான் எடுத்தார்கள். எலும்பு உடைந்ததற்கு அழாதவள் அதற்கு அழுதேன்.

ஒரு நூல் கணக்கு

மூட்டைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றதெல்லாம் விளங்கும். கணுக்காலை ஒரு வாசல்நிலை என்று வைத்துக்கொள்ளுங்கள். முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பு. தடித்த எலும்பின் கீழ்முனை உள்கரண்டையாகவும் மேல் சட்டமாகவும் இருக்கிறது. மெல்லிய எலும்பின் கீழ்முனை வெளிக்கரண்டை, அதாவது நிலையின் மறுபக்கச் சட்டம். இந்த நிலைக்குள் கதவு மாதிரி வந்து உட்காருவது பாதத்தின் மேல் எலும்பு. சட்டங்களை விலகாமல் பிடித்து வைத்திருப்பது ஜவ்வு.

நிலைச்சட்டம் ஒரு நூல் விலகினாலும் கதவு உரசும் என்று ஆசாரி சொல்வார். ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, சுமார் 3 மில்லிமீட்டர். கணுக்காலுக்கு அவ்வளவுகூட வேண்டாம். இறந்தவர்களின் கால்களை வைத்து 1976-ல் ஒரு ஆய்வு செய்தார்கள். அந்தப் பாத எலும்பு 1 மில்லிமீட்டர் வெளியே நகர்ந்தாலே எலும்பும் எலும்பும் தொடும் பரப்பு 42 சதவீதம் குறைந்தது. ஒட்டுமொத்த உடம்பின் எடையும் மிச்சமிருக்கும் பரப்பில் இறங்கினால் குருத்தெலும்பு தேயும். சில வருஷத்தில் மூட்டுவாதம். கணுக்கால் முறிவில் டாக்டர்கள் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் இந்த ஒரு நூலில் மூன்றில் ஒரு பங்குதான்.

ஆகவே எலும்பு உடைந்ததா என்பது பாதிக் கேள்விதான். வெளிக்கரண்டை மட்டும் உடைந்து, உள்பக்கத்து ஜவ்வு முழுசாக இருந்தால் பாத எலும்பு நகராது. அதை நிலையான முறிவு என்பார்கள். உள், வெளி இரண்டும் உடைந்தாலோ, பின்விளிம்பும் சேர்ந்து மூன்றும் உடைந்தாலோ, எலும்பு ஒன்று உடைந்து மறுபக்க ஜவ்வு கிழிந்தாலோ மூட்டு ஆடும். அது நிலையற்ற முறிவு. சில ரிப்போர்ட்டுகளில் வெபர் ஏ, பி, சி என்று எழுதியிருக்கும். இரண்டு எலும்பையும் இணைக்கும் ஜவ்வுக்குக் கீழே வெளியெலும்பு உடைந்தால் ஏ, அந்த மட்டத்தில் உடைந்தால் பி, மேலே உடைந்தால் சி. ஏ பெரும்பாலும் கட்டோடு போகும். சி பெரும்பாலும் ஆபரேஷனில் முடியும். வம்பு பண்ணுவது பி. அத்தையுடையது பி.

அத்தையின் கால்: மூன்று பேர், மூன்று யோசனை

விழுந்த அன்று அத்தையைப் பக்கத்து ஊர் கிளினிக் ஒன்றுக்குத் தூக்கிப் போனார்கள். படுக்க வைத்து ஒரு எக்ஸ்ரே எடுத்துவிட்டு, "நாளைக்கே பிளேட் வச்சிரணும், முன்பணம் கட்டுங்க" என்றார்களாம். வீட்டுக்காரரின் தாய்மாமாவுக்கு அதில் சம்மதம் இல்லை. "எதுக்கு வெட்டிக்கிட்டு? புத்தூர் கட்டுப் போட்டா மூணு கட்டுல நடந்துரும்" என்றார். அத்தை எனக்குப் போன் போட்டு, "ஏத்தா, நீ சொல்லு. ஒன்னைய மாதிரி என்னைய வெட்டச் சொல்றாங்க" என்றார்.

நாட்டுக்கட்டைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆந்திரத்துப் புத்தூரின் பெயரைப் போட்டுத் தமிழ்நாடு முழுக்கப் பலகை தொங்குகிறது. மூங்கில் தப்பையும் துணியும் பச்சிலையும் முட்டை வெள்ளையும் வைத்துக் கட்டுவார்கள். எலும்பு விலகாத முறிவுக்கு எந்தக் கட்டுப் போட்டாலும் அசையாமல் இருந்தால் எலும்பு தானாகவே கூடும். அந்தக் கூடிய கால்கள்தான் அவர்களுக்கு விளம்பரம். விலகிய கணுக்காலை எக்ஸ்ரே பார்க்காமல் வெளியிலிருந்து கட்டி 1 மில்லிமீட்டர் கணக்குக்குக் கொண்டுவர வழி கிடையாது. அதைவிடப் பெரிய பயம் இறுக்கம். வீங்குகிற காலைச் சுற்றி இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்றுபோகும். எங்கள் தெருவிலேயே ஒருவர் அப்படிக் கட்டிக்கொண்டு, மூன்றாம் நாள் விரல்கள் கறுத்துப்போய் வந்தார். இரண்டு விரலை எடுத்தார்கள். சர்க்கரைக்காரருக்கு இந்த யோசனையே வேண்டாம் என்பது என் முடிவு. தாய்மாமா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

மறுநாள் காலை அத்தையைக் கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரிக்கு, அதாவது அரசு ராஜாஜி மருத்துவமனைக்குக் கூட்டி வந்தோம். அங்கே எலும்பு முறிவுப் பிரிவு டாக்டர் படத்தைப் பார்த்தார், உள்கரண்டைக்குக் கீழே அழுத்திப் பார்த்தார். அங்கே பெரிய வலி இல்லை. பாதி மாவுக்கட்டைப் போட்டுவிட்டு, "ஒரு வாரம் கழிச்சு வாங்கம்மா, நிக்க வச்சுப் படம் எடுப்போம்" என்றார். உடைந்த காலில் நிற்க வைப்பதா என்று எங்களுக்குத் திகில். அதுதான் சரியான சோதனையாம். படுத்திருக்கும்போது எல்லாக் கணுக்காலும் நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும். எடை இறங்கும்போது பாத எலும்பு நகர்கிறதா என்று பார்த்தால்தான் ஜவ்வு பிடித்து நிற்கிறதா என்பது தெரியும்.

ஒரு வாரம் கழித்து வாக்கரைப் பிடித்துக்கொண்டு அத்தை எக்ஸ்ரே மேடையில் நின்றார். படத்தில் பாத எலும்புக்கும் இரண்டு பக்கச் சட்டங்களுக்கும் நடுவே இருந்த கறுப்புக் கோடு மேலேயும் பக்கவாட்டிலும் ஒரே அகலத்தில் ஓடியது. டாக்டர் பேனா முனையால் அந்தக் கோட்டைத் தொட்டுக் காட்டி, "இது மூணு பக்கமும் சமமா இருக்கிற வரைக்கும் ஆபரேஷன் பேச்சே வேண்டாம்" என்றார். எனக்கு நாலு வருஷம் முன்னால் எடுத்த படம் ஞாபகம் வந்தது. அதில் உள்பக்கத்துக் கோடு கோடாகவே இல்லை. விரல் நுழையும் சந்து மாதிரி இருந்தது.

இந்த மாதிரி நிலையான வெளியெலும்பு முறிவுக்கு எத்தனை வாரம் கட்டு என்பதிலும் பழைய வழக்கம் மாறியிருக்கிறது. பின்லாந்தில் 247 பேரை வைத்துச் செய்து 2019-ல் வெளியான ஆய்வில், 3 வாரம் கட்டு போட்டவர்கள் ஒரு வருஷம் கழித்து 6 வாரம் போட்டவர்களுக்கு எந்த விதத்திலும் குறைந்துபோகவில்லை. கழற்றி மாட்டும் உறை போட்டவர்களும் அப்படியே. அத்தைக்குச் சர்க்கரை என்பதால் டாக்டர் குறைக்கவில்லை, கூடுதலாகவே வைத்திருந்தார். பாதத்தில் உணர்ச்சி குறைந்த சர்க்கரைக்காரர்களுக்குக் கட்டுக் காலத்தை இரட்டிப்பாக்குவது உண்டு. வலி தெரியாததால் அவர்கள் கூடாத எலும்பின் மேலேயே நடந்துவிடுவார்கள், மூட்டே நொறுங்கும்.

என் கால்: வேறு வழி இருந்ததா?

இல்லை என்றுதான் நினைக்கிறேன். இரண்டு கரண்டையும் உடைந்து பாதம் வெளியே விலகியிருந்தது. வயது 43. ஓடியாடி வேலை செய்கிற உடம்பு, சர்க்கரையோ பீடி சிகரெட்டோ கிடையாது. இப்படிப்பட்ட காலுக்குக் கட்டுப் போட்டால் வீக்கம் வடிந்ததும் கட்டுக்குள் இடம் உண்டாகி எலும்பு மறுபடி நழுவும். வாராவாரம் படம் எடுத்து, நழுவியதா என்று நெஞ்சு படபடக்க உட்கார்ந்திருக்க வேண்டும். பிளேட் வைத்தால் அந்தக் கவலை இல்லை. அதற்குப் பதில் வேறு கவலைகள் உண்டு. புண் ஆறாமல் போகலாம், சீழ் பிடிக்கலாம், தோல் நரம்பு மரத்துப்போகலாம், ஸ்க்ரூ உறுத்தலாம்.

ஆஸ்பத்திரிக்குப் போன உடனே ஆபரேஷன் என்று நினைத்துக்கொண்டு போனேன். நடந்தது வேறு. முதலில் மரத்துப்போக மருந்து கொடுத்து, பாதத்தை இழுத்து நேராக்கி, பாதி மாவுக்கட்டில் வைத்தார்கள். விலகிய மூட்டை உடனே நேராக்கியாக வேண்டும், காத்திருக்கக் கூடாது. தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரிந்தாலும் அப்படித்தான், அது அவசரம். ஆனால் தோல் கிழியாத முறிவில் பிளேட் வைப்பது வேறு கணக்கு. முதல் சில மணி நேரம் தாண்டிவிட்டால் கால் பூசணிக்காய் ஆகிவிடும். சிலருக்குக் கொப்புளம் கிளம்பும். அந்தத் தோலை வெட்டித் தைத்தால் தையல் மூடாது. எட்டு நாள் காலை மூன்று தலையணை மேல் தூக்கி வைத்துப் படுத்திருந்தேன். தினமும் காலையில் டாக்டர் வந்து கரண்டைப் பக்கத்துத் தோலை இரண்டு விரலால் லேசாகத் தள்ளிப் பார்ப்பார். பளபளவென்று பலூன் மாதிரி இருக்கும். "இன்னும் இல்லம்மா." எட்டாம் நாள் தள்ளியபோது வாடின மாம்பழத் தோல் மாதிரி மெல்லிய வரிகள் விழுந்தன. "நாளைக்கு" என்றார். சொந்தக்காரர்கள் "இத்தனை நாள் போட்டு வச்சிருக்காங்களே" என்று கொதித்தார்கள். அந்தக் காத்திருப்புதான் என் தையலைக் காப்பாற்றியது. அதற்காக மாசக்கணக்கில் தள்ளவும் கூடாது. இரண்டு மூன்று வாரம் தாண்டினால் எலும்பு தப்பான இடத்தில் ஒட்ட ஆரம்பித்து, ஆபரேஷன் கஷ்டமாகிவிடும்.

முதுகுத்தண்டில் ஊசி. இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை, காது மட்டும் நன்றாகக் கேட்டது. ஆசாரி கடைச் சத்தம்தான். துளை போடுகிற சத்தம், ஸ்க்ரூ முறுக்குகிற சத்தம், நடுநடுவே "படம்" என்று ஒரு குரல். வெளியெலும்பில் ஒரு பிளேட், ஆறு ஸ்க்ரூ. உள்கரண்டையில் இரண்டு நீள ஸ்க்ரூ. ஸ்டீலா, டைட்டானியமா என்று முந்தின நாள் கேட்டார்கள். டைட்டானியம் எடை குறைவு, விலை கூட. இரண்டிலுமே கணுக்கால் நன்றாகத்தான் கூடும் என்று டாக்டர் சொல்லிவிட்டதால் ஸ்டீல் என்றேன். மிச்சப் பணம் பிசியோதெரபிக்கு ஆனது. அது சரியான செலவு.

நடுவில் மாட்டியவர்கள்

அத்தை கதையும் என் கதையும் சுலபமானவை. குழப்பம் உண்மையில் வருவது நடுவில்: வயதானவர், மூட்டும் ஆடுகிறது. பிளேட் வைத்தால் எலும்பு பஞ்சு மாதிரி, ஸ்க்ரூ பிடிக்குமா, புண் ஆறுமா என்று பயம். வைக்காவிட்டால் கால் கோணிவிடுமோ என்று பயம்.

இதற்கு நான் படித்ததில் உருப்படியான பதில் பிரிட்டனில் 2016-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு. 60 வயதைத் தாண்டிய, நிலையற்ற முறிவு உள்ள 620 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேருக்கு ஆபரேஷன். மற்றவர்களுக்குப் பஞ்சு மிகக் குறைவாக வைத்து, காலோடு ஒட்டி வார்த்த மாதிரி ஒரு மாவுக்கட்டு. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் நடையிலும் அன்றாட வேலையிலும் இரண்டு கட்சியும் சமம். ஆனால் அந்தச் சமத்துக்கு உள்ளே போய்ப் பாருங்கள். சீழோ, புண் பிரிவதோ ஆபரேஷன் பக்கம் சுமார் 10 சதவீதம், கட்டுப் பக்கம் 1 சதவீதம். எலும்பு கோணலாகக் கூடியது கட்டுப் பக்கம் 15 சதவீதம், ஆபரேஷன் பக்கம் 3 சதவீதம். கட்டோடு ஆரம்பித்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு, கட்டு நிற்காமல் கடைசியில் ஆபரேஷனே செய்ய வேண்டியதாயிற்று.

இதைப் படித்துவிட்டு "பாத்தீங்களா, வயசானா ஆபரேஷனே வேண்டாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தக் கட்டு ஓ.பி.யில் பத்து நிமிஷத்தில் சுற்றுகிற கட்டு இல்லை. தியேட்டரில் மயக்கம் கொடுத்து, எலும்பை நேராக்கி, பழகிய கை போட்ட கட்டு. அப்புறம் அடிக்கடி படமும் எடுத்தார்கள். உங்கள் டாக்டருக்கு அந்தப் பழக்கம் உண்டா என்று கேட்பதில் தப்பே இல்லை. என் கருத்தைக் கேட்டால்: புண் ஆறுவதே சந்தேகம் என்கிற உடம்புக்கு, அதாவது கட்டுப்படாத சர்க்கரை, பாதத்தில் ரத்த ஓட்டக் குறைவு, விடாத பீடி என்றிருந்தால், நல்ல கட்டு கௌரவமான வழி. 65 வயதிலும் மீனாட்சி கோயில் வெளிவீதியைத் தினம் சுற்றுகிற ஆரோக்கியமான ஆளுக்கு, வயதை மட்டும் காட்டி ஆபரேஷனை மறுப்பது நியாயம் இல்லை.

எங்கே போவது

என்னுடையது தனியார், அத்தையுடையது அரசு. தனியாரில் அறை, துணைக்கு ஆள் படுக்க இடம், ஆபரேஷன் தேதி நம் வசதிப்படி. பில்லில் அறை வாடகை, தியேட்டர், மயக்க டாக்டர், பிளேட் ஸ்க்ரூ எல்லாம் தனித்தனியாக வரும். "மொத்தம் எவ்வளவு, இம்பிளான்ட் அதில் சேர்த்தியா?" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். பெரியாஸ்பத்திரியில் காசு பிரச்சினை இல்லை, கூட்டம்தான் பிரச்சினை. துணைக்குப் போகிறவர் வரிசையில் நிற்கவும் சக்கர நாற்காலி தேடவும் திடமாக இருக்க வேண்டும். ஆனால் ஒரு நாளைக்கு அங்கே பார்க்கிற முறிவுகளின் எண்ணிக்கை எந்தத் தனியாரிலும் வராது. அத்தையை நிற்க வைத்துப் படம் எடுத்தது அங்கேதான், முன்பணம் கேட்ட இடத்தில் இல்லை.

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கைகொடுக்கும். வருஷத்துக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் வரை. பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரியிலும் செல்லும். சேர்வதற்கு முன்பே காப்பீட்டு கவுன்டரில் அட்டையைக் காட்டி, இந்த ஆபரேஷன் அதில் வருமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். சாலை விபத்தில் உடைந்த கால் என்றால் 2021 டிசம்பரில் வந்த இன்னுயிர் காப்போம் திட்டம் இருக்கிறது. முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், தொடங்கியபோது ஒரு லட்சம் ரூபாய் வரை. கணுக்காலைப் பொறுத்தவரை இதில் ஒரு சிக்கல் உண்டு. வீக்கம் வடியப் பத்து நாள் ஆகும் காலுக்கு, பிளேட் வைக்கும் நாள் 48 மணி நேரத்துக்கு வெளியே போய்விடலாம். அந்தச் செலவுக்கு வேறு ஏற்பாட்டை முதல் நாளே யோசித்து வையுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

கட்டோ பிளேட்டோ, எலும்பு கூடுவதற்கு எடுக்கும் காலம் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆறு முதல் பன்னிரண்டு வாரம். "பிளேட் வச்சா அடுத்த வாரம் நடக்கலாம்" என்பது பிளேட்டுக்குச் சம்பந்தமில்லாத ஆசை. பிளேட் எலும்பை இடத்தில் பிடித்துத்தான் வைக்கிறது, கூட்டுவது உடம்பு.

ஆனால் எப்போது ஊன்றலாம் என்பதில் எனக்குச் சொன்னதும் இப்போது சொல்வதும் வேறு. என்னை ஆறு வாரம் கால் தரையில் படக்கூடாது என்றார்கள். வலது கால் காற்றில், இடது காலில் குதித்துக் குதித்து வாக்கரோடு ஒரு வாழ்க்கை. 2024-ல் வந்த பிரிட்டன் ஆய்வில், ஆபரேஷன் ஆன 561 பேரில் ஒரு பாதி இரண்டாவது வாரத்திலிருந்தே ஊன்றி நடந்தது, மறு பாதி ஆறு வாரம் காத்திருந்தது. நாலு மாதம் கழித்துப் பார்த்தபோது சீக்கிரம் ஊன்றியவர்கள் எதிலும் பின்தங்கவில்லை. ஆகவே தையல் பிரிக்கும் அன்று, அதாவது சுமார் 12 முதல் 14 நாளில், "நான் ஊன்றலாமா, எவ்வளவு?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஜவ்வுக்கும் சேர்த்து ஸ்க்ரூ போட்டவர்களுக்கும், பாதம் மரத்த சர்க்கரைக்காரர்களுக்கும் பதில் வேறாக இருக்கலாம்.

உண்மையான போராட்டம் கக்கூஸில். அத்தை ஊரில் உட்காரும் வகைதான். கட்டுப்போட்ட காலோடு குந்த முடியாது. நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று வாங்கி அதன் மேல் வைத்தோம். சுவரில் ஒரு கைப்பிடிக் குழாய். இந்த இரண்டும் விழுந்த அன்றே வாங்க வேண்டியவை. அக்குள் கட்டையா வாக்கரா என்றால், 60 தாண்டியவர்களுக்கு வாக்கர்தான். என் மாதிரி மாடிப்படி ஏறுகிற ஆளுக்குக் கட்டை பழகிக்கொள்ளலாம். நான் முதல் பத்து நாள் படியில் உட்கார்ந்து உட்கார்ந்தே ஏறினேன், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

கட்டுக்குள் அரித்தால் ஸ்கேலை விடாதீர்கள். சித்திரை வெயிலில் அரிப்பு பைத்தியம் பிடிக்க வைக்கும், தெரியும். ஆனால் உள்ளே ஒரு கீறல் விழுந்தால் அதை யாரும் பார்க்க முடியாது. விரல் நீலமானாலோ, மரத்தாலோ, விரலை அசைத்தால் தாங்க முடியாத வலி வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் ஓடுங்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலும், திடீரென்று மூச்சு வாங்கினாலும் அப்படியே. படுத்தே கிடக்கும் காலில் ரத்தம் கட்டி நெஞ்சுக்கு ஏறுவது உண்டு.

சாப்பாட்டில் ஊரே டாக்டர். ஆட்டுக்கால் சூப் தூக்குவாளியில் வந்துகொண்டே இருந்தது. அத்தைக்குப் பிரண்டைத் துவையல் தினம். ருசிக்குச் சாப்பிட்டோம், மறுக்கவில்லை. முட்டை, பருப்பு, பால் என்று புரதத்தைப் பார்த்துக்கொண்டோம். அத்தையின் காலைக் காப்பாற்றியது சர்க்கரை மாத்திரையை வேளை தவறாமல் கொடுத்த என் நாத்தனார் என்பதுதான் என் கணக்கு.

பிசியோதெரபியைத் தள்ளிப்போடாதீர்கள். கட்டைப் பிரித்ததும் கால் குச்சியாக இருக்கும், மூட்டு மரக்கட்டையாக இருக்கும். ஒரு துண்டைப் பாதத்தில் மாட்டித் தன் பக்கம் இழுப்பது, விரலால் தரையில் கிடக்கும் துணியைச் சுருட்டுவது, சுவரைப் பிடித்துக் குதிகாலைத் தூக்குவது. ஒரு நாளைக்கு மூன்று வேளை. கிராமத்தில் இருப்பவர்களுக்கு 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபி உண்டு. அத்தைக்கு அப்படித்தான் வந்தார்கள். தரையில் சம்மணம் போட எனக்கு நாலு மாதம் ஆயிற்று. மாலையில் வீங்குவது ஒரு வருஷம் வரை இருந்தது. வலது காலில் ஆபரேஷன் என்றால் காரில் பிரேக் மிதிக்கும் வேகம் பழையபடி ஆகவே சுமார் 9 வாரம் எடுக்கும் என்கிறது ஒரு ஆய்வு. நான் மூன்று மாதம் ஸ்கூட்டியைத் தொடவில்லை.

கடைசியாக ஒரு முடிவு பாக்கி இருந்தது. பிளேட்டை எடுப்பதா, விடுவதா? எடுத்தே ஆக வேண்டும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. உறுத்தாத பிளேட் உள்ளேயே கிடக்கலாம். ஜவ்வுக்குப் போட்ட ஸ்க்ரூவைக்கூட, எல்லோருக்கும் எடுப்பதும் தொந்தரவு கொடுத்தால் மட்டும் எடுப்பதும் கடைசியில் ஒன்றுதான் என்று நெதர்லாந்து ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. எடுப்பது என்றால் இன்னொரு முதுகு ஊசி, இன்னொரு தையல், ஸ்க்ரூ இருந்த துளைகள் மூடும்வரை சில வாரம் ஜாக்கிரதை. எனக்கு வெளிக்கரண்டையில் ஒரு ஸ்க்ரூத் தலை மட்டும் செருப்பு வாரில் உரசிக்கொண்டிருந்தது. டாக்டர், "ஒரு வருஷம் முடிஞ்சிருச்சு, வேணும்னா எடுத்திரலாம்" என்றார். வெளியே வந்து, பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் குடையை விரித்து உட்கார்ந்திருந்த செருப்புத் தைக்கிற அண்ணனிடம் காலை நீட்டிக் காட்டினேன். அவர் ஸ்க்ரூ இருந்த இடத்தைப் பெருவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, வாரைப் பிரித்து இரண்டு நூல் மேலே தள்ளித் தைத்துக் கொடுத்தார். நாற்பது ரூபாய்.